ஆய்விதழ்களின் ஆசிரியர் குழு: அழைப்பு யாருக்குப் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் ஒரு கல்லூரிக் கருத்தரங்கச் செய்தி படத்துடன் வந்திருந்தது. கருத்தரங்கை ஒட்டிப் புதிய ஆய்விதழ் ஒன்றை அங்கே வெளியிட்டிருக்கிறார்கள். முதல் பிரதியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். செய்தியின் கடைசி வரியில் தலைமை ஆசிரியர், இணை ஆசிரியர்கள் பெயர்களைக் கொடுத்திருந்தீர்கள். அதிலும் ஒரு பெண் பெயர் இல்லை. அந்தக் கல்லூரியின் அறிவியல் துறைகளில் பாடம் நடத்துகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பலர் என்னிடம் படித்தவர்கள், அதனால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. தங்கள் நிருபர் உள்ளதைத்தான் எழுதினார். அந்த உள்ளதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசத் தங்களிடம் இடம் கேட்கிறேன்.

நான் விலங்கியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பிதான் என் ஆய்வுப் பொருள். கட்டுரை எழுதியிருக்கிறேன், பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டிருக்கிறேன், பிஎச்.டி. மாணவிகளுக்கு கைடாக இருந்திருக்கிறேன். ஆய்விதழ் என்ற ஏற்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆய்விதழ் ஆசிரியர் பொறுப்பு என்றால், அட்டையைத் திருப்பியதும் பெயர் போடுகிற கௌரவப் பதவி என்றே பலரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் அது பெரிய அதிகாரம். ஒரு கட்டுரை வந்து சேர்ந்ததும், மதிப்பீட்டுக்கு அனுப்பலாமா, அப்படியே திருப்பிவிடலாமா என்று முதலில் முடிவெடுப்பவர் ஆசிரியர்தான். பெரிய இதழ்களுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி, கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளரான ரிவ்யூவர் கண்ணில் படாமலேயே திரும்பிவிடும். அனுப்புவது என்றால் யாருக்கு அனுப்புவது என்பதும் அவர் கையில். இரண்டு ரிவ்யூவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னால் யார் பேச்சை எடுப்பது, எந்தத் தலைப்பில் சிறப்பிதழ் போடுவது, யாரை அழைத்து எழுதச் சொல்வது, எல்லாமே அவர் தீர்மானம். ஒருவருடைய வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாம் இந்தத் தீர்மானங்களைப் பிடித்துத்தான் நிற்கின்றன. பெண் கேட்டு ஆள் வந்துகொண்டிருக்கும் வீட்டில், "இன்னும் எவ்வளவு நாள் படிப்பு?" என்ற கேள்விக்கு நடுவில் இருந்துகொண்டு, கட்டுரை ஏற்கப்பட்டது என்ற ஒரே ஒரு மின்னஞ்சலுக்காகக் காத்திருந்த மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட இடத்தில் உலக அளவில் பெண்கள் எத்தனை பேர்? கணித அறிவியல் இதழ்கள் 435ஐ எடுத்து ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. ஆசிரியர் குழு இடங்களில் பெண்களிடம் இருந்தவை நூற்றுக்கு 8.9 மட்டுமே. என் துறைக்குப் பக்கத்தில் உள்ள சுற்றுச்சூழல் உயிரியல், இயற்கை வள மேலாண்மை இதழ்கள் பத்தை 1985 முதல் 2013 வரை பின்தொடர்ந்து பார்த்த இன்னோர் ஆய்வில், துறைசார் ஆசிரியர்களில் பெண்கள் 16 சதவீதம். பெண்கள் நிறையப் பேர் இருக்கும் மருத்துவத்தில் நிலைமை மேல் என்று நினைப்போம். மருத்துவத்தின் பல பிரிவுகளிலும் முன்னணியில் உள்ள இதழ்களைத் திரட்டிக் கணக்கெடுத்து 2021இல் வெளியான ஆய்வு, தலைமை ஆசிரியர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண் என்று காட்டியது.

என்னை உண்மையாகவே உட்காரவைத்து யோசிக்கச் செய்தது 2023இல் வந்த ஒரு பெரிய ஆய்வு. ஐம்பது ஆண்டுக் காலத்தில், 15 துறைகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களில் பணியாற்றிய 81,000க்கும் அதிகமான ஆசிரியர்களை அது கணக்கில் எடுத்தது. கட்டுரை எழுதியவர்களில் பெண்கள் 26 சதவீதம். ஆசிரியர் குழுக்களில் 14 சதவீதம். தலைமை ஆசிரியர்களில் 8 சதவீதம். பெண்கள் அறிவியலுக்கு வரவே இல்லை, அதனால் ஆசிரியர் நாற்காலியிலும் இல்லை என்று சொல்லித் தப்பிக்க இந்த எண்கள் இடம் தரவில்லை. வந்து, ஆய்வு செய்து, கட்டுரையும் போட்டுவிட்ட பெண்கள் இவர்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆசிரியர்களில் 12 சதவீதம் பேர், தாங்கள் எழுதும் கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கையாவது தாங்கள் ஆசிரியராக இருக்கும் இதழிலேயே வெளியிடுகிறார்கள். ஆசிரியரானவுடன் அந்த இதழில் சொந்தக் கட்டுரைகள் கூடுவது பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதற்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உலகமே எடுத்துக்காட்டும் இதழ்களும் இதில் முந்திக்கொள்ளவில்லை. 1869இல் தொடங்கிய 'நேச்சர்' இதழுக்கு முதல் பெண் தலைமை ஆசிரியராக மாக்டலேனா ஸ்கிப்பர் வந்தது 2018இல். 1880இல் தொடங்கிய 'சயின்ஸ்' இதழுக்கு மார்சியா மெக்நட் வந்தது 2013இல். பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு ஃபியோனா காட்லீ 2005இல் வந்தார், அந்த இதழின் தொடக்கம் 1840. 'லான்செட்' 1823இல் தொடங்கியது. அதற்கு இதுவரை ஒரு பெண் தலைமை ஆசிரியர் வரவில்லை.

இங்கே நம் கடற்கரை ஊரான கடியபட்டணத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், முட்டம் தொடங்கி இனயம் வரை, பாறைகளில் பழுப்பு நிறச் சிப்பி விளைகிறது. பெர்னா இண்டிகா என்பது அதன் அறிவியல் பெயர். ஆண்கள் மூழ்கிப் பாறையிலிருந்து பெயர்த்து எடுத்து, வலைப்பையில் கரை சேர்ப்பார்கள். ஓட்டைத் திறந்து சதை எடுப்பதும் விற்பதும் பெண்கள். திறந்த சிப்பியின் உள்ளே பெண் சிப்பியானால் செம்மஞ்சள், ஆணானால் வெளிறிய பால் நிறம். அந்த நிறம் எப்போது ஏறுகிறது, எப்போது சதை வற்றித் தண்ணீராகப் போகிறது என்பது நாள் முழுக்கச் சிப்பி வெட்டும் பெண்ணுக்குத் தெரிந்த அளவு, மாதம் ஒருமுறை மாதிரி எடுக்கப் போகும் எங்களுக்குத் தெரியாது. என் மாணவி பையோடு போய் நின்றபோது ஓர் அம்மா சொன்னார்: "இப்பம் வெட்டுனா ஓடுதான் மிச்சம் மக்களே. சதை கூடட்டும், பெறவு வா."

அந்தப் பேச்சை நாங்கள் முறைப்படி பதிவு செய்தோம். சிப்பி வெட்டும் பெண்கள் பலரிடம் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சொன்ன காலத்தையும், ஆய்வகத்தில் இனப்பெருக்க உறுப்பின் திசுவை வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவி கட்டுரை எழுதினாள். முதலில் அனுப்பிய இதழிலிருந்து ஒரு வாரத்துக்குள் பதில் வந்தது. வாய்மொழித் தகவல், உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே, மதிப்பீட்டுக்கு அனுப்பவில்லை என்று இரண்டு வரி. நுண்ணோக்கிப் படங்கள் இருந்த பக்கம் வரை அவர்கள் போனதாகவே தெரியவில்லை. அடுத்து அனுப்பிய இதழில் கட்டுரை ஒரு பெண் இணை ஆசிரியரிடம் போயிற்று. அவர் சலுகை எதுவும் காட்டவில்லை. எத்தனை பெண்களிடம் கேட்டீர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை என்பதற்கு என்ன உறுதி, மாதவாரியாக நுண்ணோக்கி முடிவையும் அவர்கள் சொன்னதையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள் என்று சரமாரியாகக் கேட்டார். மாணவி திரும்பவும் கடியபட்டணம் போகவேண்டியிருந்தது. கட்டுரை முன்பு இருந்ததைவிட உறுதியானதாக வெளிவந்தது. சிப்பி வெட்டும் பெண்களைத் தகவல் தெரிந்தவர்களாக மதிக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதால்தான் அந்தக் கேள்விகளும் தோன்றின.

முதல் இதழின் ஆசிரியர் ஆண் என்பதால்தான் திருப்பினார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஓர் அனுபவத்தை வைத்து அப்படிச் சொன்னால் அறிவியல் படித்ததற்கே அர்த்தமில்லை. 145 இதழ்களின் உள் ஆவணங்களை வைத்து 2021இல் வெளிவந்த மிகப் பெரிய ஆய்வு, பெண்கள் எழுதிய கட்டுரைகள் மதிப்பீட்டில் பாரபட்சமாக நடத்தப்படவில்லை, சில இடங்களில் சற்று நல்லபடியாகவே நடத்தப்பட்டன என்று கண்டது. அது நல்ல செய்தி. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. அதனால் பெண்கள் எழுதிய கட்டுரையைத் திருப்பிவிடுகிறார்கள் என்பது என் புகார் அல்ல. மதிப்பிடவும் தீர்மானிக்கவும் யாரை அழைக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

அதற்கும் ஒரு சான்று உண்டு. சூழலியல் இதழ் ஒன்றின் 2004 முதல் 2014 வரையிலான கோப்புகளைப் பார்த்தவர்கள், கட்டுரை ஏற்கப்படுவதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்றே கண்டார்கள். ஆனால் ரிவ்யூவர்களை அழைப்பதில் வேறுபாடு இருந்தது. ஆண் ஆசிரியர்கள் அழைத்தவர்களில் பெண்கள், மிக அதிகமாக அழைத்த ஆண்டில்கூட, 25 சதவீதத்தைத் தொடவில்லை. அதே இதழில், அதே காலத்தில், பெண் ஆசிரியர்கள் அழைத்ததில் 30 முதல் 35 சதவீதம் பெண்கள். இதில் கெட்ட எண்ணம் எதையும் நான் பார்க்கவில்லை. ஆய்விதழ் ஆசிரியர் வேலைக்கு விளம்பரம் வருவதில்லை, விண்ணப்பம் கிடையாது, நேர்காணல் கிடையாது. கருத்தரங்கில் சேர்ந்து சாப்பிட்டவர், ஒரே கைடிடம் படித்தவர், ஏற்கெனவே குழுவில் இருக்கிற நண்பர் சொன்ன பெயர், இப்படித்தான் ஆள் சேர்கிறது. ரிவ்யூவராக நன்றாகச் செய்தவர் ஆசிரியர் குழுவுக்குப் போவார். குழுவில் இருப்பவர் ஒருநாள் தலைமைக்கு வருவார். ஆரம்பத்தில் அழைப்பு வராதவருக்கு மேலே உள்ள கதவு எங்கிருக்கிறது என்றே தெரியாது.

"கூப்பிட்டாலும் பெண்கள் வருவதில்லை, வீட்டு வேலை என்கிறார்கள்" என்று சக ஆண் பேராசிரியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனம் ஆய்விதழ் நடத்தியது. ஆசிரியர் குழுக் கூட்டம் எப்போதும் மாலை ஐந்தரைக்குத்தான் தொடங்கும். குளச்சல் பக்கமிருந்து வரும் பெண்கள் அண்ணா பேருந்து நிலையத்துக்கு ஓடுகிற நேரம் அது. கூட்டத்தில் இல்லாதவர்கள் பெயர் குழுவில் இராது. ஆனால் புரூஃப் மட்டும் எங்கள் மேசைக்குத் தவறாமல் வரும். உயிரினங்களின் அறிவியல் பெயர்களில் பேரினத்துக்குப் பெரிய எழுத்து, சிற்றினத்துக்குச் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்தில் என்பது விதி. அச்சகத்தில் கோப்பவருக்கு அது தெரியாது, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிமிர்த்தி வைத்திருப்பார். ஒவ்வொரு பெயரையும் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருத்துவோம். அட்டவணையில் கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று பார்ப்போம், மேற்கோள் பட்டியலில் விடுபட்ட ஆண்டைத் தேடிப் போடுவோம், எழுதியவர்களுக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் தீர்ப்போம். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் நடந்த வேலை அது. இதழ் வந்தபோது தலைமை ஆசிரியராக நிறுவனத் தலைவர் பெயர், குழுவில் துறைத் தலைவர்கள் பெயர்கள். திருத்தியவர்கள் பெயர் எங்குமில்லை. நேரமில்லை என்று சொல்லப்பட்ட பெண்கள்தான் அந்த இதழைத் தூக்கிச் சுமந்தார்கள். இன்றும் பல கல்லூரி இதழ்களில் இதே வழக்கம் என்று இளைய ஆசிரியைகள் சொல்லும்போது மனம் கொதிக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இப்படிப்பட்ட வழக்கம் கொஞ்சமும் அழகல்ல. 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பக்கத்து மாவட்டத்து அம்பாசமுத்திரத்திலிருந்து போன கலைச்செல்வி, அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) முதல் பெண் தலைமை இயக்குநராக 2022இல் பொறுப்பேற்றார். அந்த மன்றம் தொடங்கி 80 ஆண்டுகளுக்குப் பிறகு. நாட்டின் கல்லூரிகளில் அறிவியல், தொழில்நுட்பம் படிப்பவர்களில் சுமார் 43 சதவீதம் பெண்கள். ஆய்வுப் பணியில் இருப்பவர்களில் அவர்கள் 16.6 சதவீதம்தான் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2018 நிலவரக் கணக்கு காட்டியது. வகுப்பறையை நிரப்பும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று நாம் கேட்க வேண்டாமா?

காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வானிலை அறிவியலாளர் அன்னா மாணி நினைவுக்கு வருவார். அன்றைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். இந்தியாவில் காற்றின் வேகத்தையும் சூரிய ஒளியையும் ஊர் ஊராக அளந்து தொகுத்ததில் அவர் முன்னோடி. காற்றாலை வைக்க இடம் தேடியவர்கள் அந்தத் தொகுப்புகளைத்தான் புரட்டினார்கள். இளம் வயதில் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து, 1942 முதல் 1945 வரை ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். ஆய்வேட்டையும் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் பிஎச்.டி. தர மறுத்துவிட்டது. அச்சேறிய ஐந்து கட்டுரைகளைவிட ஒரு விதி பெரிதாகத் தெரிந்தது. அதை மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து முடிவு செய்தவர்களில் அவரைப் போன்ற பாதையில் வந்த ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

நாடு முழுவதற்கும் சட்டம் கேட்கவில்லை. நம் கைக்கு எட்டுவதைக் கேட்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கொண்டுவந்த 'கேர்' இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. எந்த இதழ் தரமானது என்று இனிப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளுமே பார்த்து முடிவு செய்யவேண்டும். அப்படி விதிமுறை எழுத உட்காரும்போது, ஆசிரியர் குழுவில் யார் யார், எத்தனை ஆண்டாக, எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்க்கட்டும். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் அதனுடன் இணைந்த நம் மாவட்டக் கல்லூரிகளுக்கும் இது என் நேரடி வேண்டுகோள். நிறுவனத் தலைவராக இருப்பதாலேயே ஒருவர் தலைமை ஆசிரியர் ஆகும் வழக்கத்தை விடுங்கள். குழு உறுப்பினருக்கு மூன்று ஆண்டு என்று காலவரை வையுங்கள். இடம் காலியானால் அறிவிப்புப் பலகையில் போட்டு விண்ணப்பம் வாங்குங்கள். கூட்டத்தை வேலை நேரத்துக்குள் வையுங்கள். புரூஃப் திருத்துகிறவர் பெயரை அவர் செய்யும் வேலையின் பெயரோடு அச்சிடுங்கள். இதில் எதற்கும் பணம் தேவையில்லை.

சக ஆசிரியைகளிடம் ஒன்று சொல்லவேண்டும். ரிவ்யூ செய்யச் சொல்லி மின்னஞ்சல் வந்தால், தகுதி போதுமா என்று தயங்கித் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் துறைக்கு உட்பட்டதென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாத நேரத்தில் மறுத்தால், உங்களுக்குத் தெரிந்த இன்னொரு பெண் ஆய்வாளரின் பெயரை அந்தப் பதிலிலேயே எழுதிவிடுங்கள். ஆசிரியர்கள் அதை விரும்புகிறார்கள், அவர்களுக்கு ஆள் தேடும் வேலை மிச்சம்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்விதழ் வெளியீட்டுச் செய்தி வரும்போது ஆசிரியர் குழுவின் முழுப் பெயர்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். நிருபர் கேட்டாலே அடுத்த முறை அவர்கள் யோசிப்பார்கள்.

ஓய்வு பெற்ற பேராசிரியைகள் சிலர் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். நம் மாவட்டக் கல்லூரிகள், ராஜாக்கமங்கலம் கடல் அறிவியல் மையம், திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆகிய இடங்களில் உள்ள பெண் ஆய்வாளர்களிடம் சம்மதம் கேட்டு, துறை, ஆய்வுப் பொருள், மதிப்பிடத் தயாராக உள்ள தலைப்புகள் ஆகியவற்றைத் திரட்டி வருகிறோம். சம்மதித்தவர்களின் பட்டியலை ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் முடித்து, இதழ் நடத்தும் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பிரதி அனுப்புவோம். வெளியூர் இதழ்கள் கேட்டாலும் தருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியை,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.